ஆர்வி-7 உடற்பகுதி: கராஜில் ஒன்றேமுக்கால் வருடம்

ஆர்வி-7 என்பது இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம். அதை வீட்டிலேயே கட்டுகிறேன். வாலையும் இறக்கைகளையும் பெரும்பாலும் தனியாளாகவே செய்து முடித்தேன். உடற்பகுதி அப்படி விடவில்லை. டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில் அதற்கு மட்டும் ஒன்றேமுக்கால் வருடம் ஆனது. பாதி நாட்கள் என் மகளும் கூடவே நின்றாள்.

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தொழிலாக இல்லாமல், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ நாமே செய்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

ஆர்வி-7இன் பாகங்களை வான்ஸ் நிறுவனம் கிட்டாக விற்கிறது. அதில் தகடுகள் துளை போட்டே வரும். என்னைத் தவிக்கவிட்டது லாங்கரான். உடலின் நீளத்துக்கு ஓடும் முக்கால் அங்குல, எல் வடிவ அலுமினிய ஆங்கிள் அது. விமானத்தின் பக்கவாட்டு வளைவுக்கு ஏற்ப நாமே வளைக்க வேண்டும். வைஸில் இறுக்கி, ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் சுத்தியலால் தட்டுவது. கொஞ்சம் நகர்த்தி மறுபடி தட்டுவது. பலகையில் வரைந்த வளைவோடு வைத்துப் பார்ப்பது. ஒரு பக்கம் வளையும்போதே ஆங்கிள் முறுக்கிக்கொள்ளும். என் முதல் ஜோடியில் இடது பக்கம் அப்படித்தான் போனது. ஒரு சனிக்கிழமை முழுக்க நேராக்கிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கினேன். அந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை. தகடுகளை இணைப்பது ரிவெட் என்ற சிறு உலோக ஆணி. அதன் துளையின் மையத்திலிருந்து ஆங்கிளின் ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வளைவு தவறினால் அந்த இடைவெளி போய்விடும், ரிவெட் இருந்தும் பலம் இருக்காது.

அப்புறம் மாதக்கணக்கில் ஒரே வேலைதான். கிளீகோ என்ற தற்காலிகப் பிடிப்பான் போட்டுப் பூட்டி, துளையிட்டு, பிரித்து, பிசிறு எடுத்து, ரிவெட் தலை பதிய டிம்பிள் என்ற குழி போட்டு, அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடித்து, மறுபடி பூட்டுவது.

உடலைக் கவிழ்த்து வைத்துத்தான் அடித்தகடுகளை ரிவெட் செய்தோம். நாலு பேர் பிடித்துப் புரட்டியதும், மேல்தகடு இல்லாத அந்த உடல் அச்சு அசல் ஓடம்போல இருந்தது. அன்று ராத்திரி கராஜ் விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை.

வால்பக்கத்து மேல்தகடுதான் கடைசி. உள்ளே என் தோள் நுழையாது. பல்க்ஹெட் எனும் குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு, கம்பளி விரித்து, மகள் படுத்துக்கொண்டாள். இருவர் காதிலும் ஒலித்தடுப்பான். வெளியே, ரிவெட்டைத் தட்டும் ரிவெட் கன்னோடு நான். உள்ளே, ரிவெட்டின் மறுமுனை நசுங்க முட்டுக் கொடுக்கும் டங்ஸ்டன் கட்டியான பக்கிங் பாரோடு அவள்.

"வெச்சுட்டேன், அடிங்கப்பா."

இரண்டு நொடிகூட ஆகாது. பார் சரியாகப் பதிந்திருந்தால் சத்தம் கனமாக, ஒரே சீராக வரும். சாய்ந்திருந்தால் தகரம் அதிர்வதுபோல் கணகணக்கும். பத்துப் பதினைந்து ரிவெட்டுக்குள் அவளுக்கு அந்தக் காது வந்துவிட்டது. எனக்கு இறக்கை முடியும்போதுதான் வந்தது. நான் விசையை விடுவதற்கு முன்பே "சாய்ஞ்சிடுச்சுப்பா" என்று உள்ளிருந்து குரல் வரும். டார்ச் அடித்து அளவுகோலை வைத்துப் பார்ப்பாள். உள்ளே நசுங்கிய தலை, ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். முதல் நாள் முப்பத்தாறு ரிவெட், நாலு மணி நேரம். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டோம்.

தகட்டை மூடி முடித்த வாரம், சொந்தமாக விமானம் கட்டுவோருக்கு உதவும் இஏஏ அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் வந்து, கண்ணாடியும் டார்ச்சுமாக ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்று ரிவெட்டுகளைப் பேனாவால் வட்டமிட்டார். இரண்டைத் துளைத்து எடுத்து மாற்றச் சொன்னார். மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அப்படியே விடச் சொன்னார். எடுக்கப்போய் துளை பெரிதானால் அதுதான் கெடுதல் என்றார். இரண்டையும் அன்று மாலையே மகளும் நானும் மாற்றினோம். அந்த மூன்றாவது ரிவெட்டைச் சுற்றிய வட்டத்தை அவள் இன்னும் துடைக்கவில்லை.