ஓவியத்துக்குள் போன ரோஸி

"சித்தி, அந்தப் படத்துக்குள்ள அவ போனதும் எனக்கு விட்டுப்போச்சு. அதுவரைக்கும் கீழ வைக்காம படிச்சேன்" என்றாள் அக்கா மகள். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'ரோஸ் மேடர்' நாவலைப் பற்றி எங்கள் வீட்டில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அத்தான் வேறு பக்கம். "படம், கோயில், காளை எல்லாம் சரிதாம்மா. அந்தப் புருஷன்காரன் வர்ற பக்கங்களைத்தான் என்னால படிக்க முடியலை" என்கிறார். நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கிறது, படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாவல் 1995இல் வந்தது. 1985இல் நடக்கும் ஒரு சிறிய முன்கதையோடு ஆரம்பிக்கிறது. கர்ப்பிணியான ரோஸை அவள் கணவன் நார்மன் அடிக்கிறான். அவள் ஒரு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், அதுதான் குற்றம். கரு கலைகிறது. அவன் பதற்றமே இல்லாமல் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறான், விழுந்துவிட்டேன் என்று சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நார்மன் போலீஸ்காரன். அப்புறம் ஒன்பது வருஷம் எதுவும் மாறுவதில்லை.

ஒரு நாள் காலை படுக்கையைச் சரிசெய்யும்போது விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் கண்ணில் படுகிறது. ராத்திரி அவள் மூக்கிலிருந்து கசிந்தது. அவள் பட்டிருக்கும் அடிகளுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சொட்டைப் பார்த்ததும் உள்ளே ஏதோ ஒன்று பேச ஆரம்பிக்கிறது. இப்படியே இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வி வருகிறது. இத்தனை காலம் உட்கார்ந்து ஆடிக்கொண்டே நாளைக் கழித்த சின்ன மர நாற்காலி அதே அறையில் கிடக்கிறது. கைப்பையையும் நார்மனின் ஏடிஎம் கார்டையும் எடுத்துக்கொண்டு, உடுத்திய துணியோடு வெளியே வந்துவிடுகிறாள். வாசலிலிருந்து தெருவில் இறங்கும் அந்தச் சில பக்கங்களில் பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனால் கிங் எழுதி நான் படித்ததில் இவ்வளவு பயந்த இடம் வேறு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பி நடக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தனியாக வீட்டைவிட்டு வெளியே போய்ப் பழக்கமே அற்றுப்போயிருக்கிறது.

இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த நாவலை வெறுப்பவர்கள்கூட முதல் நூறு பக்கத்தைப் பாராட்டிவிட்டுத்தான் குறை சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

குறை எங்கே தொடங்குகிறது? பஸ்ஸில் தூரத்து நகரம் ஒன்றுக்குப் போய் இறங்கும் ரோஸுக்கு, பஸ் நிலையத்தில் உதவி மையத்தில் இருக்கும் ஒருவர் 'டாட்டர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் காப்பகத்துக்கு வழி சொல்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்குத் திரும்பி ரோஸி மக்ளெண்டன் ஆகிறாள். நிச்சய மோதிரத்தை விற்க அடகுக்கடைக்குப் போனால் அதிலுள்ள கல் வைரமே இல்லை என்கிறார்கள். அந்த மோதிரத்தைக் கொடுத்துவிட்டு அங்கே இருந்த ஓவியம் ஒன்றை வாங்கிக்கொள்கிறாள். இடிந்த கோயிலைப் பார்த்தபடி மேட்டில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள், கருஞ்சிவப்பு நிறத்தில் கிரேக்க உடை. அந்தப் படம் மெல்ல மெல்ல மாறுகிறது. ஒரு ராத்திரி ரோஸி அதற்குள் இறங்கி நடக்கிறாள். உள்ளே குடித்தால் எல்லாம் மறந்துபோகும் ஓடை, சுற்றிச் சுற்றிப் போகும் இருட்டுப் பாதை, அதில் திரியும் ஒரு காளை, அதனிடமிருந்து தூக்கி வர வேண்டிய ஒரு கைக்குழந்தை.

அக்கா மகள் புத்தகத்தை மூடியது இங்கேதான். அவளைப் போல நினைப்பவர்கள் ஏராளம். ஒரு பெண் தன் சொந்த முயற்சியில், நல்ல மனிதர்களின் துணையோடு மெல்ல எழுந்து நிற்கும் கதைக்குள் எதற்காகக் கிரேக்கப் புராணம் என்பது அவர்கள் கேள்வி. கிங்குக்கே இந்த நாவல்மேல் திருப்தி இல்லை. எழுத்துக்கலை பற்றி 2000இல் வந்த 'ஆன் ரைட்டிங்' நூலில் தன் இன்னொரு நாவலான 'இன்சோம்னியா'வையும் இதையும் சேர்த்துச் சொல்லி, இரண்டுமே விறைப்பாக, மெனக்கெட்டு எழுதியவை என்று ஒப்புக்கொள்கிறார். எழுதியவரே சொன்ன பிறகு நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று அவள் கேட்கிறாள்.

வாங்குகிறேன், காரணம் இருக்கிறது. நார்மனின் முடிவை நிஜ உலகத்துக்குள் வைத்து எப்படி எழுதுவது? அவன் துப்பறியும் போலீஸ். அவள் குப்பைத்தொட்டியில் போட்ட கார்டை எடுத்துப் பயன்படுத்திய ஒருவனைப் பிடித்து, அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டே அவள் போன ஊருக்கு வந்து சேர்கிறான். காப்பகத்துக்கு வழி சொன்ன அந்த நல்ல மனிதரைக் கொல்கிறான். அமெரிக்காவில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1994 செப்டம்பரில்தான் கையெழுத்தானது, நாவல் அடுத்த வருஷம் வருகிறது. சட்டம் வந்தாலும் புகாரை எழுதி வாங்குகிறவர்கள் அவனுடைய கூட்டாளிகள். அடிக்கிறவனை விட்டுப் பிரியும் நேரம்தான் பெண்ணின் உயிருக்கு ஆபத்து கூடும் நேரம் என்பதை இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாவலின் நடுப்பகுதி முழுக்க அதைத்தான் காட்டுகிறது. போலீஸாலும் காப்பாற்ற முடியாமல் போய், காப்பகத்தின் கதவும் உடைந்த பிறகு இவளுக்காக யார் வருவது? ஓவியத்தில் முதுகு காட்டி நின்ற, முகத்தை நேராகப் பார்க்கக் கூடாத, சிவப்பு உடுத்திய, பாதி பைத்தியமான ஒருத்தி வருகிறாள். பலி கேட்கும் அம்மன்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அவள் அந்நியமாகத் தெரியவில்லை. என் ஊர் எல்லையில் நிற்கிறவளும் சாந்தமானவள் இல்லை.

அத்தானின் மனக்குறையில் பாதி எனக்கும் உண்டு. நார்மனின் மனசுக்குள் போகும் அத்தியாயங்கள் நீளம். வாய் திறந்தால் வசவு, ஆட்களைக் கடிக்கிறான், போகப்போகக் காளை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு அதனோடு பேசுகிறான். பயம் கூடுவதற்குப் பதிலாக அவன் நம் ஊரில் யாரும் இல்லாத ஒரு விசித்திரப் பிராணி ஆகிவிடுகிறான். அடிப்பதற்கு முன்னால், உன்னோடு கொஞ்சம் கிட்ட வந்து பேச வேண்டும் என்று மெதுவாகக் கூப்பிடுவானே, அந்த நார்மனுக்குத்தான் நான் நடுங்கினேன். முகமூடி போட்டவனைப் பார்த்து எந்த ஆணும் "நான் இவன் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். முன்கதையில் பதறாமல் போன் பேசுகிறவனைப் பார்த்து அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

நான் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். என்னோடு வாசிக்கும் தோழி ஒருத்தி பல வருஷத்துக்கு முன் கணவனைவிட்டு வந்தவள். அவளுக்கு ஆங்கில நாவல் படிக்கும் வழக்கம் இல்லை, இடைவேளைகளில் நானே கதையைச் சொன்னேன். ஓவியம், காளை எதையும் அவள் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கார்டுதான் அவளை நிறுத்தியது. தன் கணவனின் கார்டை எடுத்ததற்காக ரோஸி திருடி போலக் கூசுகிறாள் என்று சொன்னதும், "நானும் பஸ்ஸுக்கு அரிசி டப்பாவுக்குள்ள இருந்து எடுத்தேன்க்கா. நான் சம்பாதிச்ச காசுதான். ஆனாலும் பஸ் ஏறுற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்துச்சு" என்றாள். அப்புறம் அடகுக்கடையில் வேலை பார்க்கும், ரோஸி விரும்பத் தொடங்கும் பில் ஸ்டைனரைப் பற்றிச் சொன்னபோது முகம் சுளித்தாள். "அதுக்குள்ள இன்னொருத்தனா? அவ தனியா ஒரு வருஷம் இருந்து பாக்கட்டுமே!" இதை நிறைய வாசகர்கள் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஏற்கிறேன். பில் நல்லவன், அவ்வளவுதான் அவனிடம் இருக்கிறது.

ரோஸிக்குப் பில்லைவிடப் பெரிய துணை அவளுக்குக் கிடைக்கும் வேலை. அவள் குரலைக் கேட்ட ஒருவர் ஒலிப்புத்தகம் வாசிக்க அழைக்கிறார். ஒலிப்பதிவு அறையில் முதலில் திணறுகிறாள், பிறகு மூச்சு பிடிபடுகிறது. கதைப் புத்தகம் படித்ததற்காக அடி வாங்கியவள் கதை படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் எனக்கு இந்தப் பக்கங்கள் கூடுதலாகப் பிடித்திருக்கலாம். வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டால் கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். எங்கே மூச்சு எடுப்பது என்று முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். வருஷக்கணக்காகக் குரலே எழுப்பாமல் இருந்த ஒருத்திக்கு அந்த மூச்சு திரும்பி வருவது சாதாரண விஷயம் இல்லை.

காப்பகத்தில் இருக்கும் கெர்ட் என்ற பெண், நார்மனைக் கீழே தள்ளி அவன்மேல் சிறுநீர் கழிக்கும் காட்சியிலும் வாசகர்கள் பிரிகிறார்கள். எனக்கு அந்தக் காட்சி வேண்டும். கொல்வதற்கு முன்னால் அவனை யாராவது சிறுமைப்படுத்தியிருக்க வேண்டும், அதை ஒரு பெண் செய்கிறாள்.

கடைசிப் பகுதிதான் எங்களுக்குள் பெரிய சண்டை. நார்மன் ஓவியத்துக்குள் போய்ச் செத்துவிடுகிறான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம் என்கிறார்கள் அக்கா மகளும் அத்தானும், இதில் மட்டும் ஒற்றுமை. ஆனால் கிங் முடிக்கவில்லை. ரோஸி பில்லைக் கட்டிக்கொள்கிறாள், ஒரு பெண் குழந்தை பிறக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போதுதான் அவளுக்குள் கோபம் வருகிறது. அற்பக் காரணத்துக்கு, ஒரு தப்பும் செய்யாத பில்மேல், அவனைக் காயப்படுத்தும் அளவுக்கு. ஓவியத்துக்குள்ளிருந்து கொண்டுவந்த விதையைக் காட்டில் ஊன்றி, அது மரமாகி, அந்த மரத்திடம் திரும்பத் திரும்பப் போய்த்தான் அதை அடக்கி வைக்கிறாள். தப்பித்தவள் சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று எழுதுவது எவ்வளவு எளிது. அடி வாங்கிய உடம்புக்குள் அந்த அடி வேறு உருவத்தில் தங்கிவிடும் என்று எழுத அவர் துணிந்திருக்கிறார். தோழியிடம் இந்தப் பகுதியைச் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பாடத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அக்கா மகளுக்கு 1992இல் வந்த 'டோலோரஸ் கிளைபோர்ன்' நாவலைக் கொடுத்திருக்கிறேன். அதிலும் கொடுமைக்காரக் கணவன்தான். ஆனால் ஓவியமும் கிடையாது, தேவதையும் கிடையாது, 1963 சூரிய கிரகணத்தன்று மனைவியே அவனுக்கு முடிவு கட்டுகிறாள். அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு வந்து, இதைத்தான் கிங் அப்போதே செய்துவிட்டாரே, பிறகு எதற்கு ஓவியம் என்று கேட்பாள். டோலோரஸின் கணவன் போலீஸ் இல்லை என்று சொல்வேன்.