அப்பாவின் கிளட்ச் பாடமும் என் மூன்றாவது நெட் தேர்வும்

ரிசல்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை, ஜேஆர்எஃப், கிடைத்துவிட்டது. ஆய்வுக்கூட நேர்காணலும் முந்தாநாள் முடிந்தது. லைஃப் சயின்ஸ் எழுதுகிறவர்களுக்கு வினாத்தாள் அமைப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது வினாத்தாளின் கடைசிப் பகுதியான பார்ட் சி-யில் வந்த ஒரே கேள்வி என்றுதான் இன்றும் நம்புகிறேன். இதயத்தசையிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியா, அதாவது ஆக்சிஜனைச் செலவழித்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்யும் செல் உறுப்பு. அதில் முதலில் ஆலிகோமைசின், அப்புறம் டிஎன்பி என்று இரண்டு ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன் செலவு என்ன ஆகும்? ஏடிபி உற்பத்திதான் நின்றுவிட்டதே, இரண்டிலும் குறையும் என்று குறித்தேன். நான் பணம் கட்டிப் படித்த கோச்சிங் நோட்ஸில் இரண்டும் "தடுப்பான்கள்" என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் முறை விரிவுரையாளர் தகுதியான லெக்சரர்ஷிப் மட்டும். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை படித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பாவுக்குக் கடல் இல்லை. அவர் விசைப்படகு டிரைவர். பாம்பனில் போட்டைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். சோறு கொண்டுபோன நான், அவர் சாப்பிடும்வரை படகு நிழலில் உட்கார்ந்து அந்தப் பழைய கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தாயி அது?"

சொன்னேன். கையில் கிரீஸோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கு அடியில இருக்கிற காத்தாடியில வலை சுத்திக்கிட்டா எஞ்சின் திணறும், நிக்கப் பாக்கும். கிளட்ச்சை எடுத்துவிட்டுப் பாரு, கத்து கத்துன்னு கத்தும். போட்டு ஒரு முழம் நகராது, டீசலைத்தான் குடிக்கும்."

"எஞ்சினே ஜாம் ஆயிட்டா?"

"அப்புறம் கிளட்ச்ச எடுத்தா என்ன, போட்டா என்ன?"

அவ்வளவுதான். ஆலிகோமைசின், காத்தாடியில் சுற்றிய வலை. எலக்ட்ரான் ஓட்டம் உள்சவ்வுக்கு வெளியே தள்ளும் புரோட்டான்கள் ஏடிபி செய்யும் நொதி வழியாகத் திரும்ப வேண்டும்; அது நின்றதும் அவை தேங்கி, ஆக்சிஜன் செலவும் விழுகிறது. டிஎன்பி கிளட்ச்சை எடுத்துவிடுகிறது. புரோட்டான்கள் வேறு வழியாகக் கசிவதால் செலவு எகிறும், ஏடிபி வராது, வெறும் சூடு. எலக்ட்ரான் ஓட்டத்தையே நிறுத்தும் சயனைடு, எஞ்சினையே ஜாம் ஆக்குவது. அதன் பிறகு டிஎன்பி ஊற்றிப் பிரயோஜனமில்லை. பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி 1961-இல் சொல்லி 1978-இல் நோபல் வாங்கிய விஷயம், எனக்குப் பாம்பன் மணலில்தான் விளங்கியது.

இனி என் யோசனைகள்:

- ஆக்சிஜன் செலவு ஏறி இறங்கும் கோட்டை வரையாமல் விடை குறிக்காதீர்கள். தினம் ஒன்று, வெறும் தாளில்.
- மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொடுத்த எரிபொருள் எது என்று முதலில் பாருங்கள். சக்சினேட் கொடுத்திருந்தால், எலக்ட்ரான் பாதையின் முதல் காம்ப்ளெக்ஸை (புரதத் தொகுதியை) அடைக்கும் ரோட்டினோனின் ஜம்பம் பலிக்காது. எலக்ட்ரான் இரண்டாம் காம்ப்ளெக்ஸ் வழியாக நுழைந்துவிடும்.
- தாவர உடலியலை நான் தொடவே இல்லை. திட்டுவீர்கள், பரவாயில்லை.
- ராத்திரி கண் விழிப்பது எனக்கு ஒத்துவராது. படித்ததெல்லாம் விடியலுக்கு முன்தான்.
- மதுரை சென்டர் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். என் முதல் முறையின்போது பழைய பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்தது, தீவுக்குள் ரயில் கிடையாது. விடிகாலை பஸ்ஸில் போய் ஹாலில் தூங்கி விழுந்தேன்.

நேர்காணலில் கேட்டது: "இந்த மைட்டோகாண்ட்ரியா துறை ஏன்?" தாத்தாவைச் சொன்னேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள், அடைப்பு போனது, ஆனால் இதயம் பழையபடி தேறவில்லை. ரத்தம் திரும்பிய பிறகும் ஏன் தசை சாகிறது என்று அடுத்த கேள்வி. ரத்தம் நின்றிருக்கும்போது சக்சினேட் சேர்கிறது. ஆக்சிஜன் திரும்பியதும் அது வேகமாக எரிந்து, எலக்ட்ரான்கள் முதல் காம்ப்ளெக்ஸுக்குப் பின்னோக்கி ஓடி, செல்லைச் சேதப்படுத்தும் சூப்பர் ஆக்சைடு கிளம்புகிறது. கூடவே கால்சியம் ஏறி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் துளை திறக்கிறது. இதுவரை சரி. அந்தத் துளையை அடைக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இருக்கிறதே என்று நானாக வாயைக் கொடுத்தேன். விலங்குகளில் நடந்தது சரி, மனிதர்களில் என்று திருப்பிக் கேட்டார்கள். 2015-இல் 970 பேரிடம் செய்த சோதனை வெளியாகி, பலன் இல்லை என்று காட்டியது எனக்குத் தெரியாது. அவர்களே சொன்னார்கள். காது சிவந்துவிட்டது. நேர்காணலுக்குப் போகிறவர்கள், எது பலித்தது என்பதோடு எது பலிக்கவில்லை என்பதையும் படித்துவிட்டுப் போங்கள்.

இடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். ஆக்சிஜன் கோடு வரைந்த தாள் இன்னும் சமையலறைக் கதவில்தான் இருக்கிறது. அம்மா அதன் ஓரத்தில் பால் கணக்கு எழுதியிருக்கிறார்.