ஆற்றுக்குப் போகும் மழைநீர்

மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் தெரு வடிந்துவிட்டால், வடிகால் நன்றாக வேலை செய்கிறது என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் அந்தத் தண்ணீர் எதையெல்லாம் சுமந்துகொண்டு எந்த நீர்நிலையில் போய் விழுந்தது என்று கேட்காத வரை, ஆற்றையும் ஏரியையும் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

மண்தரையில் விழும் மழையில் கணிசமான பங்கு நிலத்துக்குள் இறங்கிவிடும். தாரும் கான்கிரீட்டும் போர்த்திய பரப்பில் பெய்வதோ ஏறக்குறைய முழுவதும் ஓடிவிடும்; 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 10,000 லிட்டர் தண்ணீர் திரளும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் மழையில் முதலில் ஓடிவரும் நீர்தான் பெரும்பாலும் மிகவும் அழுக்கானது: சாலையில் படிந்த எண்ணெய், பிரேக் தேய்ந்து உதிர்ந்த செம்புத் தூள், டயர்த் துகள்கள், உரம், விலங்குக் கழிவு அனைத்தையும் அது வழித்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாக மடிந்துவந்தன. டயர் ரப்பரைப் பாதுகாக்கச் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் நச்சே அதற்குக் காரணம் என்று 2020இல் கண்டறியப்பட்டது. அந்தக் காரணம் தெரியவருவதற்கு முன்பே, சாலைநீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே வடித்து விட்டால் மீன்கள் பிழைக்கின்றன என்பதைச் சோதனைகள் காட்டியிருந்தன. இந்தச் செய்தி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

சாலையோரத்தில் பள்ளமாக அமைக்கப்படும் மழைத்தோட்டங்களும், நீர் புகும் நடைபாதைகளும் செய்வது இந்த வடிகட்டும் வேலையைத்தான். கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில் இவற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. கனமழையில் குழாய் நிரம்பிச் சாக்கடை நேராக ஆற்றில் வழிவதை இவை குறைக்கின்றன. அமெரிக்க நகரமான பிலடெல்பியா 2011இல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டம் பெரிதும் இந்த வழியையே நம்பியிருக்கிறது. அங்கே வணிக வளாகங்கள், நீர் புகாத பரப்பு எவ்வளவு வைத்திருக்கின்றனவோ அதற்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றன. இது நியாயமான ஏற்பாடு.

பெருமழைக்கு மழைத்தோட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2011 ஜூலையில் கொட்டிய மழையில் மூழ்கிய டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன், பூங்காக்களையும் சில தெருக்களையுமே தற்காலிகமாக நீரைத் தாங்கும் இடங்களாக மாற்றத் திட்டமிட்டது.

எந்த அமைப்பானாலும், கட்டிய பின் வண்டலை அள்ளுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் சில ஆண்டுகளில் அது அடைத்துக்கொள்ளும். மழைநீருக்கென்று தனி வடிகால் உள்ள ஊர்களில் இன்னொரு கண்காணிப்பும் தேவை. மழையில்லாத நாளிலும் ஆற்றங்கரையில் வடிகாலின் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்துத் துண்டிப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை, தொடர்ந்து நடந்து பார்க்கும் பணியாளர்கள் இருந்தால் போதும்.