ரூட் 66 நாட்குறிப்பு: சிகாகோவிலிருந்து மேற்கே

மே 10, 2025, சனி. வில்மிங்டன், இல்லினாய்

ரூட் 66, சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை போகும் பழைய நெடுஞ்சாலை. சிகாகோவை விட்டு ஒரு மணி நேர ஓட்டத்தில் முதல் நிறுத்தம். ஆற்றோரப் பூங்காவில் ஜெமினி ஜயன்ட் நிற்கிறார். பச்சை உடை, தலையில் விண்வெளிக் கவசம், இரண்டு கைகளிலும் ஏந்திய ராக்கெட், உயரம் ஏறக்குறைய 28 அடி. நாசா ஜெமினி விண்கலங்களை அனுப்பிக்கொண்டிருந்த 1965இல், போகிற கார்களை நிறுத்தவைக்க ஒரு உணவகம் வாங்கி வைத்த ஃபைபர் கிளாஸ் உருவம் இது. கடை மூடிப்போய், 2024 மார்ச்சில் உருவம் ஏலத்துக்கு வந்தது. யாராவது பணக்காரர் வாங்கித் தன் தோட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஜோலியட் வரலாற்று அருங்காட்சியகம் 2,75,000 டாலர் கொடுத்து எடுத்துச் சீர்செய்து, அதே ஊரில் திரும்ப நிறுத்திவிட்டது. அதே ஊர் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சாலையை விட்டுப் பிரித்தால் இது வெறும் பெரிய பொம்மை.

இந்தச் சாலை 1926இல் பிறந்தது, நீளம் கிட்டத்தட்ட 2,400 மைல். மாநிலங்களை இணைக்கும் பெரிய இன்டர்ஸ்டேட் விரைவுச் சாலைகள் ஒவ்வொரு ஊராக ஒதுக்கிவிட்டுப் போனபின், 1985இல் அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். 2026இல் நூற்றாண்டு.

மே 11, ஞாயிறு. மிசூரி

காலைச் சாப்பாடு ஒரு பழைய டைனரில், அதாவது சின்னச் சாலையோர உணவகத்தில். கவுன்டரில் உட்கார்ந்தால் சமையல் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். துருவிய உருளைக்கிழங்கைத் தோசைக்கல் மாதிரியான இரும்புத் தட்டில் பரப்பி, இன்னொரு இரும்பால் அழுத்தி, ஓரம் சிவந்ததும் ஒரே வீச்சில் திருப்புகிறார் சமையல்காரர். பக்கத்திலேயே முட்டை. கேட்காமலே காபி நிரம்புகிறது.

டைனரின் வேர் 1872. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், இரவு வேலை பார்த்த பத்திரிகை ஊழியர்களுக்காகக் குதிரை வண்டியில் சாப்பாடு விற்றார். அப்புறம் வண்டி பெரிதாகி, உள்ளே உட்கார இடம் வந்து, கடைசியில் வூஸ்டர், ஓ'மகோனி போன்ற நிறுவனங்கள் முழுக் கடையையும் தொழிற்சாலையில் கட்டி அனுப்பத் தொடங்கின. பல டைனர்கள் ரயில் பெட்டி போல நீண்டு ஒடுங்கி இருப்பது அதனால்தான்: சாலை வழியே இழுத்துக்கொண்டு போகிற அகலம் வேண்டுமே. ரோட் ஐலண்டில் பாடக்கெட் ஊரின் மாடர்ன் டைனர் 1978இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. ஒரு டைனர் அதில் ஏறியது அதுவே முதல் முறை.

மே 13, செவ்வாய். ஒக்லஹோமா

கட்டூசாவின் நீலத் திமிங்கிலம். ஹியூ டேவிஸ் என்ற விலங்கியலாளர், திமிங்கில பொம்மைகள் சேர்த்துவந்த மனைவிக்குத் திருமண நாள் பரிசாக 1970களின் தொடக்கத்தில் கட்டியது. 80 அடி நீளம், சிரித்த வாய், பக்கத்தில் சறுக்குமரம். வாய்க்குள் நடந்துபோய் வால் வரை எட்டிப் பார்த்தேன். 1988இல் மூடப்பட்டதை ஊர்க்காரர்கள்தான் பின்னாளில் பெயின்ட் அடித்து மீட்டார்கள். 2020இல் நகராட்சியே வாங்கிவிட்டது.

மதியத்துக்கு மேல் லூதர் ஊருக்குப் போனேன். இந்தப் பயணத்தில் நான் பார்க்க மிகவும் ஆசைப்பட்ட இடம். மணற்கல்லில் கட்டிய சின்னக் கட்டடம்: த்ரெட் பெட்ரோல் நிலையம். 1915 வாக்கில் கறுப்பினக் குடும்பம் ஒன்று கட்டி நடத்தியது. கறுப்பினத்தவருக்கு அறை தராத மோட்டல்கள் (சாலையோர விடுதிகள்), சாப்பாடு போடாத டைனர்கள், இருட்டியபின் ஊருக்குள் இருக்கவே விடாத ஊர்கள் இந்தச் சாலை நெடுகிலும் இருந்தன. நம்பி நிற்கக்கூடிய இடங்களின் பட்டியலை விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் புத்தகமாகப் போட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கவலையில்லாமல் வண்டியை நிறுத்த ஓர் இடம் என்றால் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2021இல் அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள 11 இடங்களில் ஒன்றாக இதை அறிவித்தார்கள். அந்தக் குடும்பத்தின் வாரிசுகளே இதை மீட்கப் பாடுபடுகிறார்கள். நியான் விளக்குகளையும் டைனர்களின் பளபளக்கும் குரோமையும் மட்டும் காப்பாற்றி இந்தக் கல் கட்டடத்தை விட்டுவிட்டால், நாம் காப்பாற்றியது பாதிச் சாலையைத்தான்.

மே 15, வியாழன். டூகம்காரி, நியூ மெக்ஸிகோ

ப்ளூ ஸ்வாலோ மோட்டலில் தங்கல். ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் தனிக் கார் கொட்டகை. பொழுது சாய்ந்ததும் எல்லா விருந்தினரும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு விளக்குக்காகக் காத்திருந்தோம். பெயர்ப்பலகையில் நியான் குழாய்களால் ஆன நீலக் குருவி மெல்லத் துடித்து எரிந்தது.

நெருப்பில் வாட்டிக் கையால் வளைத்த கண்ணாடிக் குழாய்கள் இவை. நியான் வாயு தருவது சிவப்பு கலந்த ஆரஞ்சு. நீலத்துக்கு ஆர்கானும் துளிப் பாதரசமும் வேண்டும். ஒரு விரிசல் விட்டால் வாயு போய், அந்த எழுத்து அணைந்துவிடும். இப்படி வளைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தேசியப் பூங்காச் சேவையின் ரூட் 66 பாதுகாப்புத் திட்டம் இவற்றைச் சீர்செய்யும் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து உதவி வந்திருக்கிறது. மீதியை உரிமையாளர்தான் புரட்ட வேண்டும்.

மே 16, வெள்ளி. ஹோல்புரூக், அரிசோனா

1950இல் கட்டிய விக்வாம் மோட்டல், பழங்குடிகளின் கூடாரம் போன்ற கூம்பு வடிவ அறைகள். வடிவத்துக்கு உரிமை வைத்திருந்தவருக்கு இதன் உரிமையாளர் தந்த கட்டணம் விசித்திரமானது: அறை ரேடியோவில் விருந்தினர் போட்ட பத்து சென்ட் காசுகள்! ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கூடாரம் சமவெளிப் பழங்குடிகளுடையது; இந்தப் பக்கத்து நவஹோ பழங்குடிகள் இதில் வாழ்ந்தவர்கள் அல்ல. அதையும் வாசலில் எழுதி வைக்கலாம்.

மே 18, ஞாயிறு. சான் பெர்னார்டினோ, கலிஃபோர்னியா

இதே வடிவத்தில் இன்னொரு மோட்டல். பெயர் கெட்டு, பாழடைந்து கிடந்ததை 2003இல் ஒரு குஜராத்திக் குடும்பம் வாங்கி, பெயின்ட் அடித்து, நீச்சல் குளத்தைச் சரிசெய்து, மறுபடி குடும்பங்கள் வந்து தங்கும் இடமாக்கியது. அமெரிக்க மோட்டல்களில் பெரும்பங்கு குஜராத்திகள் கையில்தான். இந்தச் சாலையின் கதையில் அவர்கள் பெயரும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூற்றாண்டுக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று: படம் எடுத்துவிட்டு இன்டர்ஸ்டேட் ஓரத்துச் சங்கிலி ஹோட்டலுக்குப் போய்விடாதீர்கள். இங்கேயே தங்குங்கள், இங்கேயே சாப்பிடுங்கள். அறையை நேரே மோட்டலுக்குப் போன் போட்டே பதிவு செய்யுங்கள். இணையத் தரகுத் தளங்களுக்குப் போகிற பணம் அடுத்த நியான் குழாய்க்கு ஆகும்.