மகனின் கல்லூரிக் கால்பந்துத் தேர்வும் எங்கள் மாநிலமும்

என் மகன் 2025-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கிக்கு மேற்கே உள்ள ஒரு புறநகரில் வளர்ந்தவன். அமெரிக்கக் கால்பந்தில் லாங் ஸ்னாப்பராக, அதாவது பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிபவனாக, ஆடுகிறவன். கல்லூரி அணிகள் பள்ளி மாணவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ரெக்ரூட்டிங் நடைமுறையை அவனோடு சேர்ந்து நானும் என் மனைவியும் முழுவதுமாகக் கடந்து வந்தோம். இந்த விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது பையனின் உயரம், எடை, வீடியோ, முகாம் பற்றித்தான். அவை எல்லாம் முக்கியமே. ஆனால் பையன் எந்த மாநிலத்துக்காரன், அந்த மாநிலம் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைத் தருகிறது, அங்கே எத்தனை கல்லூரி அணிகள் உள்ளன என்பவை அவனுடைய பாதையில் பெரும்பகுதியை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன என்பதே இந்த ஆண்டுகளில் நான் கண்டது.

டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் அந்த ஒரு மாநிலத்திலிருந்து மட்டும் 13 அணிகள் ஆடுகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் அங்கே அணி வைத்திருக்கின்றன. வசந்த காலத்திலும் பயிற்சி நடத்தப் பெரிய பள்ளிகளுக்கு அனுமதி உண்டு. ஆகவே நாடெங்கிலுமிருந்து பயிற்சியாளர்கள் அங்கே போய் இறங்குகிறார்கள். ஃபுளோரிடாவும் ஜார்ஜியாவும் கலிபோர்னியாவும் அப்படியே. விஸ்கான்சினில் எஃப்பிஎஸ் அணி ஒன்றே ஒன்று, மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி. வசந்தகாலப் பயிற்சி பள்ளிகளில் கிடையாது. ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடியும் அந்தச் சில மாதங்களில் எடுத்த வீடியோதான் ஒரு பையனின் கையில் உள்ள ஆதாரம். பதினோராம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் நன்றாக ஆடவில்லையென்றால் அடுத்த வசந்தத்தில் அதை ஈடுகட்ட எங்கள் பிள்ளைகளுக்கு வழியில்லை.

ஆனால் சிறிய மாநிலத்துக்கு என்று ஒரு பலமும் உண்டு. மாடிசன் அணியின் வரலாற்றைப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளில் பெயர் பெற்ற பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்: 1999-இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்ற ரான் டேனும், பின்னர் வந்த ஜானதன் டெய்லரும் நியூ ஜெர்சிக்காரர்கள். கெனோஷாவில் வளர்ந்த மெல்வின் கோர்டன் போன்றோர் விதிவிலக்கு. அவர்களுக்கு வழி திறந்து கொடுத்த முன்வரிசையின் கனத்த ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். புரூக்ஃபீல்டில் வளர்ந்த ஜோ தாமஸ் 2007-இல் தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, 2023-இல் தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். எந்த வகை ஆட்டக்காரன் உள்ளூரில் கிடைப்பான், எவனைத் தேடி விமானம் ஏற வேண்டும் என்று பயிற்சியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கேற்பவே தங்களிடம் உள்ள ஸ்காலர்ஷிப்களைப் பங்கிடுகிறார்கள்.

அந்தப் பங்கீட்டில் உள்ளூர்ப் பையனுக்கு நெடுங்காலமாகத் திறந்திருந்த கதவு, வாக்-ஆன் என்பது. ஸ்காலர்ஷிப் இல்லாமல், தன் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர்வது. ஒரு எஃப்பிஎஸ் அணி 85 பேருக்கு மட்டுமே ஸ்காலர்ஷிப் தரலாம் என்று விதி இருந்த காலத்திலும் பயிற்சிக் களத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள்; மிச்சமுள்ளவர்கள் வாக்-ஆன்கள். வெளி மாநிலத்து மாணவன் கட்டும் கல்விக் கட்டணம் மிக அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு இயல்பாகவே சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கானதாக ஆனது. நெப்ராஸ்கா இதில் பேர்போனது. அங்கே ஆடிய பாரி ஆல்வரெஸ் 1990-இல் மாடிசனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகு இங்கும் அந்த மரபு வேரூன்றியது. டோனி என்ற சிற்றூரிலிருந்து ஸ்காலர்ஷிப் இன்றி வந்த ஜிம் லெனார்ட் பின்னர் என்எஃப்எல்லில் பத்துப் பருவங்கள் ஆடினார். பியூவாக்கியைச் சேர்ந்த ஜே.ஜே. வாட் முதலில் சேர்ந்தது சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அங்கிருந்து விலகி மாடிசனுக்கு வாக்-ஆனாக வந்தவர், 2011-இல் முதல் சுற்றில் தேர்வாகி, மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை யாரோ ஒருவரின் கதைகள் அல்ல. பியூவாக்கி எங்களுக்குப் பக்கத்து ஊர்.

என் மகனின் இடத்துக்கு ஆள் எடுக்கும் முறை சற்று வேறானது. லாங் ஸ்னாப்பர் குனிந்து, இரு கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். பந்தைத் தொலைவாக எதிரணிப் பக்கம் உதைக்கும் பன்டின்போது ஏறக்குறைய 15 கெஜம் பின்னால் நிற்பவரின் இடுப்பு உயரத்தில் அது போய்ச் சேர வேண்டும். முக்கால் நொடிக்குள் சேர்கிறதா என்பதுதான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கும் முதல் கணக்கு. ஸ்டாப்வாட்சை நம்ப முடியாது, பிடித்திருப்பவரின் விரல் தாமதமே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் என்பதால், நான் கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோவாக எடுத்து, பந்து அசையும் ஃபிரேமிலிருந்து கையில் படும் ஃபிரேம் வரை எண்ணிக் கணக்கிடுவேன். குளிரில் பந்து கல்லாக இறுகிவிடும்; விரல்கள் மரத்துப்போகும். அந்த நிலையில் எடுத்த வீடியோவையும் சேர்த்தே அனுப்புங்கள் என்று பள்ளிப் பயிற்சியாளர் சொன்னார். நவம்பரில் பனியில் ஆடும் வடக்கத்திய அணிகளுக்கு அது பயன்படும் தகவல், தெற்கத்திய அணிகள் அதைப் பொருட்படுத்தமாட்டா என்றார். அப்படியே நடந்தது.

பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் டிவிஷன் 1 (எஃப்பிஎஸ் அடங்கிய முதல் பிரிவு) பயிற்சியாளர்கள் மாணவனுக்குத் தனிப்பட்ட கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. அதுவரை நடந்ததெல்லாம் பள்ளிப் பயிற்சியாளர் வழியாகவே. இங்கேதான் சொந்த மாநிலம் என்பதன் மதிப்பை நான் நேரடியாக உணர்ந்தேன். கல்லூரிப் பயிற்சியாளர்களில் ஒருவருக்கு இந்த மாநிலம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்கும். அவர் ஆண்டுதோறும் அதே பள்ளிகளுக்கு வந்து, அதே பயிற்சியாளர்களோடு பேசுகிறவர். பையன் வகுப்பில் எப்படி, மல்யுத்தமோ குண்டெறிதலோ செய்கிறானா, தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையெல்லாம் அவர் நேரில் கேட்டு வைத்திருக்கிறார். தொலைவிலுள்ள கல்லூரிக்கு என் மகன் ஹட்ல் என்ற வீடியோ தளத்தின் வெறும் ஒரு இணைப்பு மட்டுமே.

எங்களுக்கு வந்த பெரிய சோதனை ஆட்டக்களத்திலிருந்து வரவில்லை. பக்கத்து மாநிலத்தின் பெரிய அணி ஒன்று அவனுக்கு வாக்-ஆன் இடம் தருவதாகக் கூறியிருந்தது. அந்த நேரத்தில்தான், ஆட்டக்காரர்களுக்கு வருவாயில் பங்கு தருவது தொடர்பான ஹவுஸ் வழக்கின் (வழக்குத் தொடுத்த வீரரின் பெயர்) உடன்பாடு 2024 அக்டோபரில் நீதிமன்றத்தின் முதற்கட்ட ஒப்புதலைப் பெற்றது. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீங்கி, அணியின் மொத்த எண்ணிக்கையே 105 என்று அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. சில வாரங்களில் அந்த அணியின் பயிற்சியாளர் அழைத்து, வெளி மாநில வாக்-ஆன்களை எடுக்க இயலாது என்று வருத்தத்தோடு தெரிவித்தார். 2025 ஜூனில் இறுதி ஒப்புதல் வந்தபோது, இப்படி இடம் இழந்தவர்களை அந்த வரம்புக்கு வெளியே சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு அனுமதி தரப்பட்டது. அதற்குள் என் மகன் முடிவெடுத்துவிட்டான். இந்த வரம்பால் கல்லூரிகளின் செலவு குறையலாம், நீதிமன்றத்தின் நோக்கம் ஆட்டக்காரர்களின் உரிமையாகவே இருக்கலாம். ஆனாலும் விஸ்கான்சின், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களின் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இருந்த வழியை அது குறுக்கிவிட்டது என்பதே என் உறுதியான கருத்து. இடங்கள் குறைந்தால் பதினெட்டு வயதுப் பையனை வளர்த்தெடுப்பதைவிட, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக இருபத்தொரு வயது ஆளை எடுப்பதையே அணிகள் விரும்பும்.

இனி எங்கே என்று பார்த்தபோதுதான் இந்த மாநிலத்தின் அமைப்பு முழுதாகப் புரிந்தது. மாடிசனுக்கு அடுத்த படியான எஃப்சிஎஸ்ஸிலோ டிவிஷன் 2-இலோ விஸ்கான்சினில் ஒரு கால்பந்து அணிகூட இல்லை. அதற்குக் கீழே, ஆட்டத்துக்கென ஸ்காலர்ஷிப் தராத டிவிஷன் 3-இல், அரசுப் பல்கலைக்கழகங்கள் எட்டு சேர்ந்த டபிள்யூஐஏசி என்ற அமைப்பு இருக்கிறது. நடுவில் படிகள் இல்லாததால், வேறு மாநிலங்களில் டிவிஷன் 2-க்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் பலர் குறைந்த கட்டணத்தில் சொந்த மாநிலத்திலேயே தங்கிவிடுகிறார்கள். வைட்வாட்டர் அணி 2007-க்கும் 2014-க்கும் இடையே ஆறு முறை தேசியப் பட்டம் வென்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஸ்டீவன்ஸ் பாயின்ட் அணியில் ஆடிய ரையன் ராம்சிக் அங்கிருந்து மாடிசனுக்கு மாறி, 2017-இல் என்எஃப்எல்லின் முதல் சுற்றிலேயே தேர்வானார்.

மற்றொரு வழி மினசோட்டா. இரு மாநிலங்களுக்கும் இடையே கல்விக் கட்டண ஒப்பந்தம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்குள்ள அரசுக் கல்லூரிகளில் வெளி மாநிலக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே டிவிஷன் 2 அணிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று என் மகனுக்குச் சிறிய அளவிலான ஸ்காலர்ஷிப் தர முன்வந்தது. அந்தத் தொகையையும், ஒப்பந்தக் கட்டணத்தையும், வீட்டிலிருந்து கல்லூரிக்கான தொலைவையும், எங்கள் மாநிலத்து டிவிஷன் 3 கல்லூரி கல்வித் தகுதிக்காகத் தந்த உதவியையும் ஒரே தாளில் எழுதி மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். செலவில் பெரிய வித்தியாசமில்லை. அவனோ பள்ளியில் எதிரணியில் ஆடிய பையன்களே அணித் தோழர்களாக இருக்கும் எங்கள் மாநிலத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தான். பொறியியல் பாடப்பிரிவும் அங்கே அவன் விரும்பியபடி இருந்தது.

இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் மாநிலத்தின் அணிகளைப் பிரிவுவாரியாக எழுதிப் பாருங்கள். எந்தப் படி காலியாக இருக்கிறது, பக்கத்து மாநிலத்தோடு கட்டண ஒப்பந்தம் உண்டா என்பது அதிலேயே தெரிந்துவிடும். டிவிஷன் 1, 2 எதுவானாலும் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கேட்கும் 16 முதன்மைப் பாடங்கள் பள்ளியில் முடிந்திருக்க வேண்டும், ஆகவே பள்ளி ஆலோசகரிடம் அந்தப் பட்டியலை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வாங்குங்கள். மினசோட்டா போன்ற கட்டண ஒப்பந்தத்துக்குக் கல்லூரி விண்ணப்பம் மட்டும் போதாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.