சீட்டில் எழுத முடியாத தென்னை

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. திரையில் படம் போட்டுப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் விளையாட்டுகள்தான்.

குடம் விளையாட்டு எப்போதும் கைகொடுக்கும். நிவாரண முகாமில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தங்க 3.5 சதுர மீட்டர் இடம் என்கிறது ஸ்பியர் கையேடு, அதாவது நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகளின் தொகுப்பு. 15 லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு பிளாஸ்டிக் குடம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஐந்து பேரைக் 'குடும்பம்' என்று உள்ளே உட்காரவைத்து, ஐந்து குடத்துக்குப் பதில் இரண்டே குடம் கொடுப்பேன். குடிக்க, சமைக்க, கழுவ என்று பையன்கள் கணக்கை முடித்து நிமிரும்போது, "டேய், பாட்டியை யாரு குளிப்பாட்டுறது?" என்று ஒரு பெண் கேட்பாள். மறுபடி முதலிலிருந்து கணக்கு.

இன்னொன்றும் வைத்திருந்தேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. விட்டுப் பிரியவே முடியாத ஐந்து பொருளை எழுத வேண்டும். விளக்கை அணைத்து, ஸ்பீக்கரில் புயல் சத்தம் போட்டு, ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்குவேன். யாராவது அழுதுவிட்டால் அன்றைய பயிற்சி நன்றாகப் போனதாக நினைத்துக்கொள்வேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2023 பிப்ரவரி. விளக்கணைத்த இரண்டாவது நிமிடம் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தாள். பேராவூரணிப் பக்கத்துப் பெண். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவள். அறைக்குள் இருப்பவர்களில் யார் எதைத் தாண்டி வந்தவர்கள் என்று நான் விசாரித்திருக்கவே இல்லை. டெல்டாவில் இந்த வேலை பார்க்கிறவன் செய்யக் கூடாத தப்பு.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

"எங்களுக்குப் போனது தென்னமரம் சார். அதை எந்தச் சீட்டுல எழுதறது?"

கன்று வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருஷம். அந்த இடைவெளியில் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார், அக்கா கல்யாணம் தள்ளிப்போனது.

"புயல்கூட ஒரு ராத்திரிதான் சார். அப்புறம் ரோட்டுல போய் நின்னோம் பாருங்க, அதான்."

நிவாரண லாரிகள் பெரிய சாலையோடு நின்றுவிட்டன, உள்கிராமத்துக்கு வரவில்லை. பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும் வாங்க அம்மாவோடு சாலைக்கு நடந்திருக்கிறாள். கொடுத்தவர், போட்டோ சரியாக விழவில்லை என்று பொட்டலத்தைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தாராம். "சிரிம்மா" என்றாராம்.

மதியத்துக்கு மேல் ஆட்டத்தை அவளே நடத்தினாள், நிவாரணம் கொடுக்கும் ஆட்டமாக மாற்றி. வாசலோரம் நிற்பவர்களுக்கு மூன்று முறை கிடைக்கும், பின்வரிசைக்குக் கடைசிவரை ஒன்றும் கிடையாது. கேட்டது வேறு, கைக்கு வருவது வேறு. கொடுக்கும்போது போட்டோ கட்டாயம். வகுப்பிலேயே பெரிய வாயாடிக்குச் சாயம்போன ஒரு சுடிதார் டாப் வந்தது. கெக்கேபிக்கே என்று சிரித்தவன்தான், இரண்டாவது தடவை போட்டோவுக்கு நிற்கச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புயல் சத்தத்துக்குக்கூட அந்த அறை அவ்வளவு அமைதியானதில்லை. சீட்டுப் பிடுங்கும் விளையாட்டை அன்றோடு விட்டேன்.

அந்த வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டம் தண்ணீரில் நின்றது. கல்லூரியில் பொருள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வாயாடிதான் போனும் கையுமாக இருந்தான். அங்கே ஏரல் பக்கம் யாரையோ பிடித்து, "அக்கா, என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டிருந்தான். துடைப்பம், பினாயில், பாய், கொசுவர்த்தி, நைட்டி, உள்ளாடை. உள்ளாடைக்கு அளவு கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. போனைப் பேராவூரணிக்காரியிடம் கொடுத்துவிட்டான்.

அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். அப்படியும் இரண்டு மூட்டை கிழிந்த புடவை வந்து சேர்ந்தது. அனுப்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். போன மாதம் போனபோதும் மாடிப்படிக்கு அடியில் அவை அப்படியே கிடந்தன.