ஸ்காபரோவில் பின்வளவு வீடு: சோனிங் அனுமதி எடுத்த அனுபவம்

அம்மா அப்பாவுக்காக எங்கள் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்ட அனுமதி எடுத்து முடித்திருக்கிறோம். கனடாவின் ரொறன்ரோ மாநகரத்தின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் இதே யோசனையோடு பல தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு பேஸ்மென்ற் படி ஏறி இறங்கக் கஷ்டம், தனியாக ஒரு அபார்ட்மென்றில் விடவும் மனம் வராது. அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோ மாநகரசபை 2022 பெப்ரவரியில் கார்டன் ஸ்வீற், அதாவது பின்வளவில் கட்டும் தனிச் சின்ன வீடு, பற்றிய விதியை நிறைவேற்றியது. அதற்கு எதிரான மேன்முறையீட்டை ஒன்ராறியோ காணி நியாயசபை அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடி செய்த பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, பின்னால் ஒழுங்கை உள்ள காணிகளில் மட்டும் இப்படிக் கட்ட வழியிருந்தது. ஸ்காபரோவில் அப்படி ஒழுங்கை இருக்கும் தெருக்கள் மிகக் குறைவு. ஆகவே இந்த விதியின் பலன் எங்கள் பக்கத்துக்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். காணியில் எதை, எங்கே, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற சோனிங் விதியைப் போடுவது மாநகரசபை. உங்கள் வரைபடம் விதிக்குள் அடங்கினால் கட்டட அனுமதி மட்டும் போதும், ஒரு கமிற்றிக்கும் போக வேண்டியதில்லை. எங்கேயாவது விதியை மீறினால்தான், சிறு விலகல்களுக்கு அனுமதி கொடுக்கும் கமிற்றி ஒஃப் அட்ஜஸ்ற்மென்றுக்குப் போக வேண்டும். அங்கே இருந்து தீர்ப்புச் சொல்பவர்கள் மாநகரசபை நியமித்த பொதுமக்கள். கவுன்சிலரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று எங்களுக்குப் பலர் சொன்னார்கள். கவுன்சிலர் அலுவலகத்தில் விளக்கம் கேட்கலாம், ஆதரவுக் கடிதமும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தீர்ப்பு அவர் கையில் இல்லை.

படம் கீறுபவர் வந்ததும் முதலில் பார்த்தது பின்வளவை இல்லை, வீட்டின் பக்கவாட்டு நடைபாதையைத்தான். தீயணைப்புப் படையினர் தெருவிலிருந்து பின்வளவு வீட்டு வாசலுக்குத் தடையில்லாமல் போக வேண்டும். பாதை ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமும் 2.1 மீற்றர் உயரமும் வெளியாக இருக்க வேண்டும். எங்கள் பாதையில் ஏசிப் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. அதை வீட்டின் பின்சுவருக்கு மாற்ற வேண்டி வந்தது. பக்கத்து வேலிக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே இடம் குறைவு என்றால், மற்ற எதற்கும் காசு செலவழிக்க முன் இதை அளந்து பாருங்கள்.

அடுத்தது மரம். எங்கள் காணியில் பெரிய மரம் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் வேலிக்கு ஒட்டியபடி நிற்கிறது. ரொறன்ரோவில் தனியார் காணியில் உள்ள மரத்தின் தண்டு, நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் அது விதியின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். மரம் அயலவருடையதாக இருந்தாலும் அதன் வேரை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அயலவரிடம் கேட்டு, அம்மாவின் தையல் நாடாவால் சுற்றி அளந்தோம். 138 சென்ரிமீற்றர் வந்தது. 3.14ஆல் பிரித்தால் விட்டம் ஏறத்தாழ 44. அந்தப் பருமனுக்கு மரத்தடியிலிருந்து 3 மீற்றர் தூரம் தோண்டவும் கூடாது, மண் குவிக்கவும் கூடாது. பிறகு மரநிபுணர் வந்து முறைப்படி அளந்து அறிக்கை எழுதினார், அவருக்கும் அதே கணக்குத்தான் வந்தது.

இந்த மரம்தான் எங்களைக் கமிற்றிக்குக் கொண்டுபோனது. வேரைத் தவிர்க்க, படத்தில் சின்ன வீட்டின் இடத்தை நகர்த்த வேண்டும். முன்பக்கம் நகர்த்தினால் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி போதாது. பின்பக்கம் நகர்த்தினால் பின் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம் குறைகிறது. இரண்டில் பின்பக்கமே நல்லது என்று முடிவெடுத்தோம். நகரசபையின் கட்டடப் பிரிவில் சோனிங் பரிசீலனைக்கு வரைபடத்தைக் கொடுத்தால், எந்தெந்த விதியில் எவ்வளவு விலகல் என்று எழுத்தில் தருவார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கமிற்றிக்கு விண்ணப்பித்தோம். பட்டியல் இல்லாமல் நீங்களே கணக்குப் போட்டு விண்ணப்பிக்க வேண்டாம். ஒரு விலகல் விடுபட்டால் திரும்ப முதலிலிருந்து வரவேண்டும்.

விசாரணைக்குக் குறைந்தது 10 நாளைக்கு முன்பே வீட்டு வாசலில் அறிவித்தல் பலகை வைக்க வேண்டும், 60 மீற்றருக்குள் இருக்கும் காணிக்காரர்களுக்கும் கடிதம் போகும். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே நான் வரைபடத்தோடு அயலில் உள்ள நாலு வீடுகளுக்கும் போனேன். ஒரு நோட்டீஸைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ள விடுவதைவிட நேரில் கதைப்பதுதான் மரியாதை. பின்வீட்டுக்காரர் தனியாக இருக்கும் ஒரு வயதானவர். யன்னல் தன் பக்கம் பார்க்குமோ என்று கேட்பார் என நினைத்தேன், அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. பனி உருகும் காலத்தில் ஏற்கனவே அவருடைய காய்கறிப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதாம். இன்னொரு கூரை வந்தால் என்ன ஆகும் என்று கையோடு கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினார். அவர் சொன்னது முழுக்க நியாயம். கூரைத் தண்ணீர் முழுவதும் எங்கள் பக்கப் பீலியில் விழுந்து எங்கள் புல்தரைக்கே வரும்படி படத்தை மாற்றினோம்.

விசாரணை இணையவழியில் நடந்தது. அம்மாவின் முழங்கால், அப்பாவின் வயது எல்லாம் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். சொல்லலாம், ஆனால் ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம் கமிற்றிக்குக் கொடுத்திருப்பது நான்கு கேள்விகள்தான். விலகல் சிறியதா? காணியின் பொருத்தமான பயன்பாட்டுக்கு அது விரும்பத்தக்கதா? சோனிங் விதியின் பொது நோக்கம் கெடாமல் இருக்கிறதா? நகரின் உத்தியோகபூர்வத் திட்டத்தின் நோக்கமும் அப்படியே இருக்கிறதா? நாங்கள் பேசியதெல்லாம் இந்த நாலையும் ஒட்டியே இருந்தது. 'ஏன் முன்னுக்கு நகர்த்த முடியாது?' என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மரநிபுணரின் படத்தில் அந்த 3 மீற்றர் வட்டத்தைக் காட்டினோம். பின்வீட்டுக்காரரும் இணைந்து, தண்ணீர் விஷயத்தில் மாற்றிய படத்தின்படி கட்டினால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். அப்புறம் அதிகம் கதை இல்லை. மரப்பாதுகாப்பு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

தீர்ப்பு வந்தபின் 20 நாள் மேன்முறையீட்டுக் காலம். மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் அந்த நாட்களுக்குள் ரொறன்ரோவின் உள்ளூர் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். ஆனால் 2022 நவம்பரில் மாகாண அரசு கொண்டுவந்த பில் 23 என்ற சட்டத்துக்குப் பிறகு, அயலவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் விசாரணையில் பேசலாம், அதோடு சரி. வீடுகள் வேகமாக வர வேண்டும் என்று செய்தார்கள், எங்களுக்கும் அது வசதிதான். என்றாலும் தன் பாத்தியில் தண்ணீர் நிற்கும் ஒரு மனிதருக்குக் கேள்வி கேட்க ஒரேயொரு வாய்ப்புத்தான் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் பீலியும் நிலத்தின் சாய்வும் பற்றிய மாற்றங்களை வாய்ப்பேச்சில் விடாமல், கட்டட அனுமதிக்குக் கொடுத்த படத்திலேயே கீறி அவருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம்.